கீழாநெல்லியும் மேலாநெல்லியும்

பெயரைக் கேட்டால் ஒன்று மற்றொன்றின் தலைகீழ் வடிவம் என்றே தோன்றும். ஒன்றில் காய் இலைக்குக் கீழே, மற்றதில் இலைக்கு மேலே. வேறுபாடு அவ்வளவுதான் என்று மூலிகை வாங்குவோர் பலரும் முடித்துக்கொள்கிறார்கள். இரு செடிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் பாதிதான் தேறுகிறது.

கீழாநெல்லியின் ஒரு கிளையை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் சிற்றிலைகள் வரிசை கட்டி நிற்க, பார்வைக்கு அப்படியே புளியிலை. ஆனால் புளியிலையின் சிற்றிலைக் கக்கத்தில் ஒருபோதும் பூ வராது. இங்கோ கக்கத்துக்குக் கக்கம் பூவும் காயும். நாம் இலை என்று எண்ணியது உண்மையில் ஒரு குறுங்கிளை. திருப்பிப் பார்த்தால் அதன் அடிப்புறம் முழுக்கக் காய்கள். நடுத்தண்டில் ஒரு காய்கூட இராது.

மேலாநெல்லியில் இந்தத் தோற்ற மயக்கம் இல்லை. இலைகள் தண்டைச் சுற்றி ஏறுகின்றன. அடி குறுகி நுனி அகன்ற ஆப்பு வடிவம். நடுத்தண்டு, கிளை என்ற பேதமின்றி எல்லா இலைக் கக்கங்களிலும் காய் பிடிக்கிறது. இங்கும் காய் இலையின் மேல் முளைப்பதில்லை. மறைக்க இலை வரிசை இல்லாததால் மேலிருந்தே கண்ணில் படுகிறது. ஆக, இவ்விரண்டையும் பிரிப்பது காய் இருக்கும் இடத்தைவிடக் கிளை விடும் முறையே.

ஆனாலும் இரண்டின் உறவு விதைவரை தொடர்கிறது. இரண்டின் காயும் மூன்று பிரிவுடையது. இரண்டிலும் ஆறு விதைகள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்: கீழாநெல்லி விதையின் முதுகில் நீளவாக்கில் வரிகள், மேலாநெல்லி விதையில் வரிசை வரிசையாக நுண்புள்ளிகள்.

வரலாறு இன்னும் வியப்பானது. 1753-இல் லின்னேயஸ், சென்னையின் பழைய பெயரைச் சூட்டிப் ‘பில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ்’ என்று அழைத்தது மேலாநெல்லியைத்தான். நம் வீட்டுச் சுவரோரம் தானாக முளைக்கும் கீழாநெல்லியோ (‘பில்லாந்தஸ் அமாரஸ்’) அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து பரவியது என்பதே தாவரவியலாளர் பலரின் கருத்து. ஆனால் சென்னை ஆய்வு செய்து உலகுக்குக் காட்டியது கீழாநெல்லியை. சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் இடம்பெற்ற குழு, 1988-இல் ‘லான்செட்’ இதழில் தன் முடிவை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் 37 பேர் 30 நாள் கீழாநெல்லிப் பொடி உண்டனர். 22 பேரின் இரத்தத்தில் அந்தக் கிருமியின் மேற்பரப்புப் புரதம் பிறகு காணப்படவில்லை. போலி மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. பின்னர் வேறிடங்களில் நடந்த சோதனைகள் இதை உறுதிப்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பயன்பாட்டிலும் இரண்டும் வெவ்வேறு வழி செல்கின்றன. காமாலைக்குக் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் வழக்கம். மேலாநெல்லியில் மதிப்பு விதைக்கு. நீரில் ஊறினால் வழுவழுப்பாகும் அவ்விதையை யுனானி மருத்துவம் ‘கனோச்சா’ என்கிறது.

பச்சையாக இருக்கும்வரை பிரித்தறிவது எளிது. காய்ந்து நொறுங்கிக் கடைக்கு வந்துவிட்டால் கண்ணை நம்ப முடியாது. தென்னிந்தியக் கடைகள் 25-இல் வாங்கிய கீழாநெல்லிச் சரக்கை ஆராய்ந்து 2010-இல் வெளியான கட்டுரை, 76 விழுக்காடு மாதிரிகளில் கீழாநெல்லியே மேலோங்கியிருந்ததாகச் சொல்கிறது. எஞ்சியவற்றில் அதே பேரினத்தின் வேறு ஐந்து வகைகள் இருந்தன. மேலாநெல்லியும் அவற்றுள் ஒன்று. நான்கு பங்கில் மூன்று பங்கு சரியாக இருப்பது ஆறுதல்தான். மருந்துச் சரக்குக்கு அது போதாது.

எனவே ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றாகக் கொள்வது முறையன்று. பொடியாக வாங்குவதைவிடச் செடியாக வாங்குங்கள். கிளையைத் திருப்பி, நடுத்தண்டில் காய் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கீழாநெல்லி அன்று. காமாலை என்று ஐயம் எழுந்தாலோ, செடியைத் தேடும் முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.