கடற்கரை மணலும் ராடு, கிரே கணக்கும்

அன்றைய திருவிதாங்கூர் மணவாளக்குறிச்சியில் 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் மோனசைட் மணலைக் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியத்தால்தான் இக்கரைகளில் கதிர்வீச்சு மிகுதி.

பொருள் உள்வாங்கும் கதிராற்றலுக்கு 1953இல் வந்த அளவு 'ராடு': கிராமுக்கு 100 எர்க். 1975இல் வந்தது 'கிரே': கிலோவுக்கு 1 ஜூல். ஒரு ஜூல் கோடி எர்க். கிலோவுக்கு ஆயிரம் கிராம். வகுத்தால் கிராமுக்கு 10,000 எர்க், அதாவது 100 ராடு. சேரைக் கிலோவாக்கிய அப்பா காலத்துக் கடைக்கணக்கைவிட இது லேசுதான்!

நம்ம திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் 2009ஆம் ஆண்டு ஆய்வில், கருநாகப்பள்ளிக் கரையில் சிலவிடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே என்றிருந்தது. 70 ராடு என்று வாசித்து நான் பதறிப் போயிட்டேன். பத்தால் வகுத்தால் 7 ராடுதான். 69,958 பேரைத் தொடர்ந்து கவனித்தும், அக்கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அவ்வாய்வு காணவில்லை.