அஸ்பெண்டோஸ் வெள்ளிக் காசுகளில் மற்போரும் கவணும்

இன்றைய துருக்கியின் தென்கரையில், பண்டைய பம்பீலியாப் பகுதியில், யூரிமெடான் ஆற்றை ஒட்டி அமைந்திருந்த நகரம் அஸ்பெண்டோஸ். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அது வெளியிட்ட ஸ்டேட்டர் என்னும் வெள்ளிக் காசுகளின் முன்புறத்தில் கேடயம் தாங்கிய காலாள் வீரன் காணப்படுகிறான். கி.மு. 400ஐ ஒட்டி அவ்வுருவம் மறைந்தது. ஒருவர் கையை ஒருவர் பற்றி நிற்கும் ஆடையற்ற மற்போர் வீரர் இருவர் முன்புறத்திலும், கவண் எறிய முனையும் வீரன் பின்புறத்திலும் இடம்பெறலாயினர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இவ்விணை நிலைத்தது.

மற்போர்க் காட்சியை மட்டும் கொண்டு இவற்றை விளையாட்டுக் காசுகள் எனச் சேகரிப்போர் வகைப்படுத்துவதுண்டு. அவ்வகைப்பாடு போதாது. கவணைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'ஸ்பெண்டோனே'. ஊர்ப்பெயரோடு அது ஒலியால் ஒத்திருப்பதால் கவண் வீரன் ஒரு சிலேடை உருவம் என்பர் நாணயவியலார். அண்டை நகரான சிடே, தன் பெயர் மாதுளையைக் குறிப்பதால், மாதுளங்கனியைப் பொறித்தமை இதற்கு ஒப்பாகும். ஆயினும் அஸ்பெண்டோஸ் காசின் பொறிப்பு 'எஸ்த்வெதீயுஸ்' என்னும் பம்பீலிய வடிவமே. அவ்வடிவத்தில் சிலேடை தோன்றாது. கிரேக்க வழக்கில்தான் தோன்றும். ஆகவே இவ்வுருவம் நகருக்கு வெளியிலிருந்த கிரேக்கரையும் நோக்கியது எனக் கொள்ள இடமுண்டு.

காசின் எடையோ பாரசீக அளவையைச் சார்ந்தது. இரண்டு சிக்லோஸ், அதாவது சுமார் 11 கிராம். நகரம் பாரசீக ஆட்சிக்கு உட்பட்டுப் படைத்தளமாகவும் விளங்கியது. கி.மு. 411இல் பினீசியக் கலங்கள் 147 அங்கு வந்து தங்கியதைத் தூசிடிடீஸ் குறிக்கிறார். கூலிப்படைக்கு ஊதியம் வழங்கவே இக்காசுகள் மிகுதியாக அச்சிடப்பட்டன என்னும் கருத்து இப்பின்னணியில் வலுப்பெறுகிறது. கி.மு. 333இல் அலெக்சாந்தர் இந்நகரிடம் தம் படையின் ஊதியத்துக்கென 50 தாலந்து கேட்டதும், நகரத்தார் உடன்பாட்டை மீறியபோது அதை 100 ஆக்கியதும் ஆரியன் தரும் செய்திகள்.

இக்காசுகள் பலவற்றில் பிற்காலத்தார் குத்திய சிறு முத்திரைகளும் வெள்ளியின் தரத்தைச் சோதித்த வெட்டுகளும் உள்ளன. சேகரிப்போர் இவற்றைக் குறையாகக் கருதி விலையைத் தாழ்த்துவர். காசு பல கைகள் மாறிப் புழங்கியதற்கு இவையே நேர்ச்சான்று. எங்கு, எவற்றோடு கிடைத்தது என்னும் செய்தி இதனினும் இன்றியமையாதது. சந்தையில் முதலில் அழிவதும் அதுவே. அஸ்பெண்டோஸ் அமைந்துள்ள அதே அந்தால்யா மாகாணத்தின் எல்மாலியில் 1984இல் கிடைத்த, ஏறத்தாழ 1,900 கிரேக்க வெள்ளிக் காசுகள் கொண்ட புதையல் கடத்தப்பட்டுச் சிதறியது. அதன் பெரும்பகுதி 1999இல்தான் துருக்கிக்கு மீண்டது.