பி பக்கத்துப் பாடல்களும் அவற்றைத் தொகுத்தவர்களும்

பீட்டில்ஸ் குழுவின் பாடல்களை ஒலிப்பதிவு செய்த ஜார்ஜ் மார்ட்டின், 1965 முதல் 1967 வரை அதே பார்லோஃபோன் முத்திரைக்காக வேறொரு குழுவையும் பதிவுசெய்தார். லண்டனின் கென்டிஷ் டவுன் பகுதியில் உருவான அந்தக் குழுவின் பெயர் 'தி ஆக்‌ஷன்'. பாடகர் ரெஜ் கிங்கின் குரலில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் கனிவும் தவிப்பும் இருந்தன. ஐந்து சிங்கிள் தட்டுகள் வந்தன. ஒன்றுகூட விற்பனைப் பட்டியலில் ஏறவில்லை. குழு இருந்த காலத்தில் ஒரு எல்.பி.கூட வெளிவரவில்லை. 1980-இல் எட்செல் என்ற சிறிய நிறுவனம் அந்தப் பாடல்களைத் திரட்டி 'தி அல்டிமேட் ஆக்‌ஷன்' என்று ஒரே தட்டாக வெளியிட்டது. அப்போது புகழின் உச்சியில் இருந்த 'தி ஜாம்' குழுவின் பால் வெல்லர் அதற்கு உறைக் குறிப்பு எழுதினார். கடைகளில் ஒதுங்கிக் கிடந்த ஒரு குழு, கலைந்து பத்தாண்டுகளுக்கும் மேலான பிறகு, ஒரு புதிய தலைமுறைக்கு முன்னோடி ஆயிற்று.

பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், கிங்க்ஸ், தி ஹூ ஆகியோரைத் தாண்டி 1960களின் பிரிட்டிஷ் இசையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். அந்தக் காலத்து வானொலியோ விற்பனைப் பட்டியலோ நமக்குக் கொடுத்ததன்று. பிற்காலத் தொகுப்பாளர்கள் தேடி எடுத்து, வரிசைப்படுத்தி, பெயரிட்டுக் கொடுத்தது. எட்டுத்தொகை மரபில் தொகுத்தவர் பெயரையும் தொகுப்பித்தவர் பெயரையும் நாம் போற்றி வைத்திருக்கிறோம். சொந்தப் பெயர் தொலைந்த புலவரை அவர் பாட்டிலிருந்தே பெயர் கொடுத்து 'அணிலாடு முன்றிலார்' என்று அழைக்கிறோம். ஆகவே தொகுப்பாளரும் ஒரு படைப்பாளியே என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் வாதாடி நிறுவ வேண்டியதில்லை. அந்தப் படைப்புக்குரிய பொறுப்பு என்ன என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில், இவ்வளவு பாடல்கள் ஏன் தொலைந்தன? 1962 ஜனவரியில் பீட்டில்ஸைக் கேட்டுப் பார்த்து வேண்டாம் என்று அனுப்பிய டெக்கா நிறுவனம், அடுத்த ஆண்டே கைக்கு அகப்பட்ட கிட்டார் குழுக்களையெல்லாம் ஒப்பந்தம் செய்யத் தொடங்கியது. இ.எம்.ஐ., பை, ஃபிலிப்ஸ் ஆகியவையும் அதே வழியில் நடந்தன. ஒரு குழுவுக்கு ஒரு பிற்பகல் ஒலிப்பதிவு, ஒரு சிங்கிள். அது ஓடாவிட்டால் இன்னொன்று. அதுவும் ஓடாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. பி.பி.சி. வானொலியில் இசைத்தட்டுகளை ஒலிபரப்ப மணிக்கணக்கில் கட்டுப்பாடு இருந்தது. கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஒலித்த ரேடியோ கரோலைன் 1964-இல்தான் வந்தது. அத்தகைய நிலையங்களை முடக்கும் சட்டம் 1967 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. வாரந்தோறும் வந்து குவிந்த தட்டுகளில் பெரும்பாலானவை ஒருமுறைகூட வானொலியில் ஒலிக்காமல் போயின. எல்.பி. எடுத்த குழுவுக்குக் குறைந்தபட்சம் நூலகத்திலோ வீட்டு அலமாரியிலோ இடம் கிடைத்தது. இரண்டே சிங்கிளோடு நின்ற குழுவுக்கு அதுவும் இல்லை. தொகுப்பு என்ற வடிவம் இந்த இசைக்கு இன்றியமையாததாக ஆனதற்குக் காரணம் இதுதான்.

பீட் என்று பெயர் பெற்ற இந்தக் கிட்டார் குழு இசையின் தொகுப்பு, பழைய தட்டுகளைத் தேடியவர்களால் தொடங்கப்பட்டதன்று. 1963-இலேயே, பீட் அலை எழும்போதே, ஓரியோல் என்ற சிறிய நிறுவனம் 'திஸ் இஸ் மெர்சி பீட்' என்று இரண்டு எல்.பி.க்களை வெளியிட்டது. தயாரிப்பாளர் ஜான் ஷ்ரோடர் ஒலிப்பதிவுக் கருவிகளை லண்டனிலிருந்து லிவர்பூலுக்குக் கொண்டுசென்று, டாக்ஸ்டெத் பகுதியில் இருந்த ரியால்டோ நடன மண்டபத்தில் இறக்கினார். உள்ளூர்க் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வாசித்துவிட்டுப் போயின. ரிங்கோ ஸ்டார் முந்தைய ஆண்டு ஆகஸ்டில் விட்டு வந்த ரோரி ஸ்டார்ம் அண்ட் தி ஹரிக்கேன்ஸ், ஃபேரன்ஸ் ஃபிளமிங்கோஸ், இயன் அண்ட் தி சோடியாக்ஸ், ஏர்ல் பிரெஸ்டன் அண்ட் தி டி.டி.ஸ் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். நிறுவனத்தின் நோக்கம் வெறும் வியாபாரம். சூடு ஆறுமுன் விற்றுவிட வேண்டும் என்ற அவசரம். ஆனால் அந்த அவசரமே இன்று நமக்குக் கொடையாகிவிட்டது. லண்டன் ஸ்டுடியோவின் மெருகு ஏறாமல், நடனத்துக்கு வாசித்து வாசித்துத் தேறிய கைகளின் வேகம் அந்தத் தட்டுகளில் அப்படியே நிற்கிறது. மேடையில் ஊரையே கட்டி ஆண்டவர் என்று எல்லாரும் சொல்லும் ரோரி ஸ்டார்ம் பாடியதைக் கேட்க நமக்கு எஞ்சியிருப்பது சில பதிவுகளே. அவற்றில் முக்கியமானவை இங்கே கிடைத்தவை. ஓரியோல் 1964-இல் அமெரிக்க நிறுவனமான சி.பி.எஸ். கைக்குப் போயிற்று. ரியால்டோ 1981 ஜூலைக் கலவரத்தில் எரிந்தது.

பழையதைத் தேடி எடுக்கும் தொகுப்புக்கு இலக்கணம் வகுத்தது ஓர் அமெரிக்கத் தொகுப்பு. 1972-இல் எலெக்ட்ரா நிறுவனத்துக்காக லென்னி கே தொகுத்த 'நகெட்ஸ்' இரட்டைத் தட்டில் 27 பாடல்கள் இருந்தன. அனைத்தும் அமெரிக்க ஊர்ப்புறக் குழுக்களின் பாடல்கள். வெளிவந்து ஐந்தாறு ஆண்டுகளே ஆன சிங்கிள்களை அவர் வரலாறாகப் பாவித்தார்; ஒவ்வொரு பாடலுக்கும் குறிப்பு எழுதினார். அதைப் பின்பற்றி 1970களின் இறுதியில் கிரெக் ஷா தொடங்கிய 'பெபிள்ஸ்' வரிசையில் ஆறாவது தட்டு பிரிட்டனுக்கு ஒதுக்கப்பட்டது. பிரிட்டனிலும் அப்போது காற்று மாறியிருந்தது. 'மாட்' என்று அழைக்கப்பட்ட 1960களின் பிரிட்டிஷ் இளைஞர்களைப் பற்றிய 'குவாட்ரோஃபீனியா' திரைப்படம் 1979-இல் வந்தது. பச்சை பார்க்கா அங்கியும் ஸ்கூட்டருமாக மாட் பாணி தெருவுக்குத் திரும்பியது. பழைய தட்டுகளைச் சேகரிப்போருக்கென்றே 'ரெக்கார்ட் கலெக்டர்' இதழ் 1980-இல் தொடங்கியது.

இந்தச் சூழலில்தான் ஃபில் ஸ்மீ தம் பாம்-கருசோ நிறுவனத்தின் வழியாக 1984-இல் 'ரபிள்' வரிசையைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அது இருபது தொகுதிகளாக வளர்ந்தது. 1965-66-இல் பீட் இசை முறுக்கேறி, கிட்டார் ஒலி கிழிபட்டு, ஆனால் இன்னும் நடனத்தை விட்டு விலகாமல் இருந்த ஒரு குறுகிய காலத்தை அவர் கண்டுகொண்டார். 'ஃப்ரீக்பீட்' என்று பெயரும் கொடுத்தார். 1966-இல் வாசித்த எவரும் அறியாத பெயர் அது. ஆனாலும் தி கிரியேஷன் குழுவின் 'மேக்கிங் டைம்' பாடலைக் கேட்டால் அவர் சொன்னதில் உண்மை இருப்பது விளங்கும். ஷெல் டால்மி தயாரித்த அந்தப் பாடலில் எட்டி ஃபிலிப்ஸ் வயலின் வில்லை எடுத்து மின்கிட்டாரின் தந்திகள்மேல் இழுக்கிறார். கம்பி அறுபடும்போது எழுவது போன்ற அந்த ஒலி, கீழே ஓடும் டிரம்ஸின் தாளத்தை ஒருகணமும் கலைப்பதில்லை. 1966-இல் பிரிட்டிஷ் பட்டியலில் 49-ஆம் இடத்தோடு அது நின்றுவிட்டது. மறுவெளியீடுகளின் வழியே உயிர்பிடித்து, 1998-இல் வெஸ் ஆண்டர்சனின் 'ரஷ்மோர்' திரைப்படத்தில் ஒலித்தது.

தொகுப்புகளின் மீது எனக்குள்ள முதல் குறையை இங்கே சொல்லிவிட வேண்டும். 'மாட்' என்ற தலைப்பில் வெள்ளை இளைஞர் குழுக்களின் பாடல்களை மட்டுமே அடுக்குவது வரலாற்றைத் திரிப்பதாகும். 1964-இல் சோஹோவின் ஹாம் யார்டில் இருந்த 'சீன்' கிளப்பில் விடிய விடிய ஆடிய மாட்கள் கேட்டது பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பின இசையை. அங்கே தட்டுகளைச் சுழற்றிய கை ஸ்டீவன்ஸ், ஐலண்ட் நிறுவனத்தின் கிளையான 'சூ' முத்திரையை நடத்தி, 1965-இல் 'தி சூ ஸ்டோரி' என்ற தொகுப்பையும் வெளியிட்டார். ஆக, மாட் இளைஞர்களே தொகுப்புகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தத் தொகுப்புகளில் இருந்தவை அமெரிக்கப் பாடல்கள். தி ஆக்‌ஷன் பாடிய 'ஐ'ல் கீப் ஹோல்டிங் ஆன்' மார்வெலெட்ஸ் என்ற பெண்கள் குழுவுடையது. தி ஹூ குழு 'ஹை நம்பர்ஸ்' என்ற பெயரில் 1964 ஜூலையில் வெளியிட்ட 'ஐ'ம் தி ஃபேஸ்' பாடலின் மெட்டு, லூசியானா புளூஸ் பாடகர் ஸ்லிம் ஹார்ப்போவிடமிருந்து வந்தது. சொற்களை மாற்றி எழுதிய மேலாளர் பீட்டர் மீடனின் பெயரே தட்டில் இருந்தது. இந்தக் கடனை ஒரு வரியிலாவது சொல்லாத உறைக் குறிப்பு எவ்வளவு அழகாக அச்சாகியிருந்தாலும் அரைகுறைதான்.

இரண்டாவது குறை, பின்னால் புகழ்பெற்றவர்களின் பெயரை வைத்துத் தொகுப்பை விற்பது. டேவிட் போவி 1964-இல் டேவி ஜோன்ஸ் என்ற பெயரில் கிங் பீஸ் குழுவோடு 'லைசா ஜேன்' பாடினார். ரான் வுட் 'தி பேர்ட்ஸ்' குழுவில் கிட்டார் வாசித்தார். இவை தெரிந்துகொள்ள வேண்டியவையே. ஆனால் இதையே அளவுகோலாக்கினால், பின்னால் பால்காரராகவோ பள்ளி ஆசிரியராகவோ வாழ்ந்து மறைந்தவரின் நல்ல பாட்டு அடிக்குப் போய்விடுகிறது. 2001-இல் ரைனோ வெளியிட்ட 'நகெட்ஸ் 2' நான்கு குறுந்தட்டுகளில் 109 பாடல்களை அடுக்கியபோது இந்தச் சபலத்துக்கு அதிகம் இடம் கொடுக்கவில்லை. பிரிட்டனோடு நில்லாமல் உருகுவே, பிரேசில் வரைக்கும் போனது. என் மதிப்பில், இந்தத் துறையில் புதிதாக நுழைபவருக்கு இன்றும் அதுவே சிறந்த வாசல்.

தொகுப்பாளரின் வேலையில் வெளியே தெரியாத பாதி, மூலத்தைத் தேடுவது. 1990களின் இறுதியில் டெக்கா தன் கிடங்கிலிருந்து 'தி மாட் சீன்', 'தி பீட் சீன்', 'தி ஃப்ரீக்பீட் சீன்' என்ற குறுந்தட்டு வரிசையை வெளியிட்டபோது பெருநிறுவனத்தின் நாடாக்கள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. சிறிய முத்திரைகளின் பாடல்களுக்கு அந்த வாய்ப்பு அரிது. நாடா அழிக்கப்பட்டிருக்கும், அல்லது நிறுவனம் கைமாறியபோது தொலைந்திருக்கும். அப்போது சேகரிப்பாளர் ஒருவரிடம் எஞ்சியிருக்கும் தட்டே மூலம். 45 சுற்று வேகத்தில் கனமான ஊசியால் பலமுறை ஓட்டப்பட்ட தட்டில் பள்ளத்தின் சுவர் ஓரிடத்தில் தேய்ந்திருக்கும். சற்றுப் பெரிய அல்லது சிறிய முனையுள்ள ஊசியைப் பொருத்தினால் அது தேயாத உயரத்தில் தொட்டு ஓடும். இரைச்சலுக்கு அடியில் புதைந்திருந்த குரல் மேலே வரும். பிறகு பொரியும் ஒலிகளைக் கணினியில் நீக்க வேண்டும். இங்கே பேராசை கூடாது. இரைச்சலை முழுக்கத் துடைத்தால் டிரம்ஸின் வெண்கலத் தட்டு எழுப்பும் அதிர்வும் கூடவே போய்விடும். பாடல் பஞ்சில் சுற்றியதுபோல் ஒலிக்கும். அப்படிப்பட்ட குறுந்தட்டுகள் பல வந்திருக்கின்றன. கொஞ்சம் பொரிந்தாலும் உயிரோடு இருக்கும் பதிவையே நான் விரும்புவேன்.

அனுமதி பெறாமல் வந்த தொகுப்புகளும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் வந்த 'சாக்லேட் சூப் ஃபார் டயபெட்டிக்ஸ்' அப்படிப்பட்டதே. அது இல்லாவிட்டால் சில பாடல்கள் இன்னும் பல ஆண்டுகள் மறைந்தே கிடந்திருக்கும் என்பது உண்மை; வாசித்தவர்களுக்கு அதனால் ஒரு காசும் வரவில்லை என்பதும் உண்மை. சட்டமும் இதற்குள் மாறியிருக்கிறது. பிரிட்டனில் ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமை 50 ஆண்டுகளாக இருந்தது. 2013 நவம்பர் 1 முதல் 70 ஆண்டுகளாயிற்று. 1963-க்கு முன் வெளியானவை அதற்குள் பொதுச்சொத்தாகிவிட்டதால், மாற்றம் பீட் அலையின் தொடக்க ஆண்டிலிருந்தே பிடித்துக்கொண்டது. நிறுவனங்களுக்குச் சாதகமான சட்டம் என்ற விமர்சனம் சரிதான். ஆனாலும் அதில் ஒரு நல்ல பிரிவு இருக்கிறது. 50 ஆண்டுகளுக்குப் பிறகு நிறுவனம் ஒரு பதிவை விற்பனையில் வைக்காமல் முடக்கினால், கலைஞர் அறிவிப்பு கொடுத்து உரிமையைத் திரும்பப் பெறலாம். தன் நிறுவனமே மறந்துவிட்ட குழுவுக்கு இது பெரிய ஆயுதம். தொகுப்பாளர்கள் பழைய வாத்தியக்காரர்களைத் தேடிப் பேட்டி காணும்போது இதையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனி வரவிருக்கும் தொகுப்புகளின் பெரிய ஊற்று ஜோ மீக்கின் நாடாக்கள். லண்டன் ஹாலோவே சாலை 304-ஆம் எண்ணில், ஒரு தோல்பொருள் கடைக்கு மேலே இருந்த வீட்டையே ஸ்டுடியோவாக்கி, அங்கிருந்து 1962-இல் 'டெல்ஸ்டார்' என்ற இசையை அட்லாண்டிக்கின் இரு கரையிலும் முதலிடத்துக்கு அனுப்பியவர் அவர். 1965-இல் அவர் தயாரித்த சிண்டிகேட்ஸ் குழுவின் சிங்கிளில், பி பக்கத்தில் 'க்ராடாடி சிமோன்' என்ற பாடல் இருக்கிறது. ரே ஃபென்விக்கின் கிட்டார் அதில் வெறிபிடித்து அலறுகிறது. அன்று யாரும் திருப்பிப் போட்டுக் கேட்காத அந்தப் பக்கம் இன்று ஃப்ரீக்பீட் தொகுப்புகளின் மணிமகுடம். 1967 பிப்ரவரி 3-இல் மீக் இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற சுமார் 1,850 நாடாக்களை, அவரிடம் பதிவுசெய்த குழு ஒன்றில் இருந்தவரும் பின்னாளில் ஆரஞ்சு ஒலிபெருக்கி நிறுவனத்தை நிறுவியவருமான கிளிஃப் கூப்பர் 300 பவுண்டுக்கு வாங்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட தேயிலைப் பெட்டிகளில் அவை அரை நூற்றாண்டு கிடந்தன. 2020-இல் செர்ரி ரெட் நிறுவனம் அவற்றைப் பெற்று, எண்ணிம வடிவில் மாற்றி வெளியிடத் தொடங்கியது.

இதே நிறுவனத்தின் கிரேப்ஃபுரூட் முத்திரை 2011-இல் 'லுக்கிங் பேக்' என்ற பெயரில் மூன்று குறுந்தட்டுகளில் 80 பாடல்களை நல்ல குறிப்புகளோடு கொண்டுவந்தது. அந்தப் பழக்கம் மீக்கின் நாடாக்களுக்கும் தொடர வேண்டும். ஒத்திகைகள், பாதியில் நின்ற முயற்சிகள், ஒரே பாட்டின் பல வடிவங்கள் என்று ஒரு ஸ்டுடியோவில் சேர்வதெல்லாம் அவற்றில் உண்டு. குழுவினரும் தயாரிப்பாளரும் முடித்துவைத்தவற்றைத் தட்டாக்குவோம். மற்றவற்றை ஆய்வாளருக்காக ஆவணக் காப்பகத்தில் வைப்போம். ஒவ்வொரு பாட்டின் கீழும் வாசித்தவர்களின் பெயரை, கிட்டார் முதல் டிரம்ஸ் வரை, அச்சிடுவோம். யாரென்று தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே அச்சிடுவோம், கேட்டு அடையாளம் சொல்ல அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.