கொட்டாங்கச்சிக் கரியும் கோபர் கேஸும்

சாணத்திலிருந்து எரிவாயு எடுப்பது பெரிய வித்தை இல்லை. காற்றுப் புகாத தொட்டியில் கரைத்து ஊற்றி மூடி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். வந்த வாயுவைச் சுத்தம் செய்வதில்தான் சங்கடம் எல்லாம். அதில் பாதிக்கு மேல் மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. இவற்றோடு கொஞ்சமாக ஒட்டிக்கொண்டு வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகிய முட்டை நாற்றம்.

எரிந்தால் இது கந்தகப் புகையாகிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி பித்தளையையும் செம்பையும் அரிக்கிறது. எஞ்சினுக்குள் போனால் எண்ணெயைக் கெடுக்கிறது. மனிதனுக்கு அதைவிடப் பொல்லாதது. பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினாலே மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போய்விடும். சாக்கடைக் குழியில் இறங்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்து சாவதைப் பத்திரிகையில் படிக்கிறோமே, அதில் பெரும்பங்கு இந்த வாயுவுக்குத்தான்.

இதோடு மனிதன் நடத்திய சண்டைக்கு 200 வயதுக்கு மேல் ஆகிறது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு பிலிப் லெபோன் என்ற எஞ்சினீயரின் பெயர் பழக்கமானது. மரத்தைச் சூடாக்கி எரிவாயு எடுத்து விளக்கேற்றும் ‘தெர்மோலாம்ப்’ கருவிக்கு 1799இல் காப்புரிமை பெற்றவர் அவர். 1801இல் பாரிஸில் ஒரு மாளிகையையும் தோட்டத்தையும் அந்த வெளிச்சத்தில் ஜொலிக்க வைத்து, காசு வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குக் காட்டினார். வெளிச்சத்தைப் பார்த்து வாய் பிளந்தவர்களே நாற்றத்தைப் பார்த்து மூக்கையும் பொத்தினார்கள். 1804இல் அவர் காலமாகிவிட, அந்தத் தொழில் இங்கிலாந்துக்காரர்கள் கையில் வளர்ந்தது.

அவர்கள் நிலக்கரி வாயுவைச் சுண்ணாம்புப் பாலுக்குள் செலுத்தி நாற்றத்தைப் பிடித்தார்கள். வீட்டுக்குள் வெளிச்சம் சுத்தமாக வந்தது. ஆனால் சுண்ணாம்பு நீலம் பாய்ந்த சேறாக மாறி, வாயுவைவிட மோசமாக நாறியது. லண்டனில் அதற்கு ‘புளூ பில்லி’ என்று செல்லப்பெயர். அதைத் தேம்ஸ் நதியில் விட்டபோது மீன் சாகிறது என்று மீனவர்கள் முறையிட்டார்கள். வண்டியில் ஏற்றிப் போனால் தெருவே நாறியது. குமாஸ்தா புத்தியில் சொன்னால் இது வெறும் கணக்கு மாற்றம். ஒரு தலைப்பில் கழித்ததை இன்னொரு தலைப்பில் எழுதியிருக்கிறார்கள். தொகை அப்படியே இருக்கிறது.

1849இல் ரிச்சர்ட் லேமிங் என்பவர் சுண்ணாம்புக்குப் பதில் இரும்புத் துருவைக் கொண்டு வந்தார். மரத்தூளில் துருவைக் கலந்து பெட்டிகளில் பரப்பினால் அது கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வெளியே எடுத்துக் காற்றில் ஆறப்போட்டால் துரு மறுபடி துருவாகிவிடும், கந்தகம் அதிலேயே தங்கிவிடும். இப்படிப் பலமுறை பயன்படுத்தி, கந்தகம் பாதியளவு சேர்ந்ததும் கந்தக அமிலம் காய்ச்சுபவர்களுக்கு விற்றார்கள். இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கழிவுக்கு ஒரு வாங்குபவன் கிடைத்தான்! ஒரே ஆபத்து, அவசரப்பட்டுக் காற்றில் கொட்டினால் தானாகவே தீப்பிடிக்கும்.

கரியின் கதை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. 1785இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தோபியாஸ் லோவிட்ஸ் என்ற மருந்துக்கடைக்காரர், பழுப்பேறிய திரவங்களைக் கரித்தூள் தெளிய வைப்பதைக் கண்டார். 1811இல் மோன்பெலியே நகரத்து ஃபிகியே, மரக்கரியைவிட எலும்புக் கரி மேல் என்று காட்டினார். சர்க்கரை ஆலைகள் உடனே பிடித்துக்கொண்டன. ரொம்ப காலத்துக்குக் கரி என்றால் சர்க்கரையை வெளுக்கும் சரக்கு, அவ்வளவுதான்.

1915 ஏப்ரல் 22ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். அதன் நேர் எதிரே இருந்தவை பிரெஞ்சுப் படைகள். அல்ஜீரியாவிலிருந்து வந்த சிப்பாய்களும் அவற்றில் இருந்தார்கள். நம் ஊரிலிருந்தும் அந்தப் போருக்குப் போனவர்கள் உண்டு. கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே இருக்கும் நினைவுச் சின்னம் அவர்களுக்காகத்தான். அதே 1915இல் ரஷ்யாவின் நிகோலாய் ஸெலின்ஸ்கி, கரி அடைத்த முகமூடியை உருவாக்கினார். பிறகு போரில் இறங்கிய அமெரிக்கர்கள் எந்தக் கரி சிறந்தது என்று தேடித்தேடிப் பார்த்தார்கள். ஜெயித்தது கொட்டாங்கச்சி. அது போதாமல், பீச் பழக் கொட்டைகளைச் சேர்த்து வைக்கச் சொல்லி ஊர் ஊராகப் பெட்டி வைத்தார்கள்.

கொட்டாங்கச்சிக்கு என்ன விசேஷம்? அது கெட்டி. முதலில் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கி, பிறகு 900 டிகிரிக்குப் பக்கமாக நீராவி செலுத்தினால், உள்ளே கண்ணுக்கு எட்டாத நுண்ணிய துளைகள் திறந்துகொள்ளும். இப்படிப்பட்ட ஒரு கிராம் கரியின் உள்பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 25 சென்ட் நிலம், ஒரு சிட்டிகைக்குள்! இதைத்தான் ஆக்டிவேட்டட் கார்பன் என்கிறார்கள். பிரெஞ்சில் ‘ஷார்போன் அக்திஃப்’.

இப்போது கோபர் கேஸுக்கு வருவோம். 1897இலேயே பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லத்துக் கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கேற்றினார்கள். 1930களின் கடைசியில் அல்ஜீரியாவில் துய்செலியே, இஸ்மான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் தொழு எருவிலிருந்து வாயு எடுக்கும் முறையை வகுத்தார்கள். ‘காஸ் த ஃப்யுமியே’ என்று அதற்குப் பெயர். போருக்குப் பிறகு பிரான்சின் பண்ணைகளிலும் கொஞ்ச காலம் அது நடந்தது. பெட்ரோல் மலிவானதும் மறந்துபோனார்கள். நம் நாட்டில் ஜஷ்பாய் படேல் வகுத்த, மேலே இரும்பு டிரம் மிதக்கும் தொட்டியை காதி கிராமத் தொழில் ஆணையம் ஊர் ஊராகக் கொண்டுபோனது. அடுப்புக்கு மட்டும் என்றால் வடிகட்டி பெரும்பாலும் வைப்பதில்லை. மாட்டுச் சாணத்தில் கந்தகம் குறைவு, சமாளித்துவிடலாம். எஞ்சின் ஓட்டவோ, வண்டிக்குச் சிலிண்டரில் அடைக்கவோ வேண்டுமென்றால் அந்தச் சமாளிப்பு செல்லாது. 2018இல் மத்திய அரசு ‘சதத்’ திட்டம் அறிவித்ததிலிருந்து கேஸைச் சிலிண்டரில் அடைக்கும் ஆலைகள் வரத் தொடங்கிவிட்டன. கரி வடிகட்டி என்ற பேச்சு இப்போது காதில் விழுவது அதனால்தான்.

வெறும் கரி இந்த வாயுவை அவ்வளவாகப் பிடிக்காது. பொட்டாசியம் அயோடைடு போன்ற உப்பில் ஊறவைத்த கரி வேண்டும். வாயுவில் கொஞ்சம் ஈரமும் துளி ஆக்சிஜனும் இருக்க வேண்டும். அப்போது கரியின் துளைக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு உடைந்து, கந்தகம் அங்கேயே படிகிறது, தண்ணீர் வெளியேறுகிறது. கரியமில வாயுவை இந்தக் கரி தொடாது. அதை நீக்க வேறு ஏற்பாடு வேண்டும். நகரத்துச் சாக்கடைக் கழிவிலிருந்து வரும் வாயுவில் இன்னொரு வம்பும் உண்டு. நாம் தலைக்குப் போடும் ஷாம்புவிலுள்ள சிலிக்கோன் ஆவியாகி வந்து, எஞ்சினுக்குள் வெள்ளை மணலாகப் படியும். அதையும் கரிதான் தடுக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 100 கன மீட்டர் வாயு, அதில் பத்து லட்சத்துக்கு 1,000 பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று வைப்போம். தினமும் சுமார் 130 கிராம் கந்தகம், மாதத்துக்கு 4 கிலோ. கரி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கும் என்றால், மாதம் 20 கிலோ கரி தீர்ந்துபோகும். முன்னால் ஒரு துருப்பெட்டி வைத்து 200 பங்காகக் குறைத்துவிட்டால் 4 கிலோ போதும். லேமிங்கின் துரு முதலில் நிற்பதும், விலை உயர்ந்த கரி கடைசிக் காவலாக நிற்பதும் இதனால்தான்.

இந்தக் கணக்குதான் என்னை உறுத்துகிறது. 1980களில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கோபர் கேஸ் மானியக் கோப்புகள் வரும். தொட்டி கட்ட ஒரு தொகை, ஒரே தடவை. பொருத்தி முடித்ததற்குச் சான்று, புகைப்படம், ரசீது எல்லாம் ஒழுங்காக இருக்கும். அடுத்த வருடம் குழாய் அரித்தால் அதற்கென்று ஒரு வரியும் எந்தப் படிவத்திலும் கிடையாது. வடிகட்டி என்பது வாங்கிப் பொருத்தும் சாமான் மட்டும் இல்லை, மாதாமாதம் வரும் செலவு. அந்தச் செலவுக்குத் தலைப்பு இல்லாத இடத்தில் கரி தீர்ந்த பிறகும் டிரம் மட்டும் அலங்காரமாக நிற்கும். எஞ்சினுக்குக் கேடு, பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு அதைவிடக் கேடு.

ஆகவே ஒழுங்கான இடங்களில் இரண்டு டிரம்களை அடுத்தடுத்து வைக்கிறார்கள். நடுவில் வாயுவைச் சோதிப்பார்கள். முதல் டிரம் நிறைந்து வாயு கசியத் தொடங்கினால், இரண்டாவதை முதலாவதாக்கி, புதுக் கரியைப் பின்னால் வைப்பார்கள்.

எடுத்த பழைய கரி எங்கே போகிறது? கந்தகம் அடைத்த அதை மறுபடி சுட்டுப் புதுப்பிப்பது இலேசில்லை, பெரும்பாலும் ஒருமுறைச் சரக்குதான். சில சமயம் காற்றுப் பட்டதும் சூடேறும். வேலியோரம் கொட்டிவிட்டால் புளூ பில்லி கதைதான் திரும்ப வரும். புதிதாக ஆலை வைக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். கரிக்குக் கொள்முதல் ஆணை எழுதும்போது, விலைக்குக் கீழே ‘பயன்படுத்திய கரியைச் சப்ளை செய்தவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்று ஒரு நிபந்தனை சேர்த்துவிடுங்கள். அதற்கு ஒப்பாத வியாபாரியிடம் வாங்காதீர்கள்.