புலம்பலும் விசுவாசமும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து

மனவேதனையைக் கடவுளிடம் மறைக்காமல் முறையிடுவது வேதாகமத்தின் பழைய வழிபாட்டு முறைகளில் ஒன்று. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகளே. பெரும்பாலானவை கடைசியில் துதியாகத் திரும்பும். 88ஆம் சங்கீதமோ திரும்பாமல் இருளிலேயே நின்றுவிடுகிறது. தொகுத்தவர்கள் அதில் ஓர் ஆறுதல் வரியை ஒட்டவில்லை. அது பெரிய துணிவு. எருசலேமின் அழிவுக்கு அழுத புலம்பல் நூலின் முதல் நான்கு அதிகாரங்கள் எபிரேய அகரவரிசையில் அமைந்தவை. அழுகைக்கும் ஓர் ஒழுங்கு அமைத்துக் கொடுத்தது அந்த மரபு.

இலங்கையின் ஊவாத் தோட்டத் தமிழரிடம் அந்த ஒழுங்கு ஒப்பாரியில் உண்டு. சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பற்றிச் சொல்லி அழுவார்கள். இறந்தவரின் பெருமையோடு, அடைக்காத கடனும், சாமிக்குக் கண்ணில்லையா என்ற கேள்வியும் வரும். தமிழ்ப் புரொட்டஸ்தாந்து சபைகள் பல இதை அஞ்ஞான வழக்கமென்று விலக்கிக் கீர்த்தனையை வைத்தன. பாட்டு வந்தது நல்லதே. கேள்வி போனது இழப்பு. கத்தோலிக்கரிடம் நிலை வேறு: கோவாவிலிருந்து வந்து 1742இல் இலங்கையிலேயே மறைந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுல பிரசங்கம், கிறிஸ்துவின் பாடுகளின் துயரத்தைத் தவக்காலத்தில் உரக்கச் சொல்ல வைத்தது.

இன்றைய சபைகளில் சாட்சி சொல்லும் வழக்கமே வலுவானது. சாட்சி பெரும்பாலும் இறந்தகாலத்தில்தான் அமையும்: வேதனை இருந்தது, கர்த்தர் மாற்றினார். வேதனை இன்னும் மாறாதவருக்கு அங்கே பேச இடமில்லை. அவர் தம்மை விசுவாசம் குறைந்தவராக எண்ணத் தொடங்குகிறார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலோ ஒரு காம்பராவில் அழுதால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். ஆகவே அழுகை இரண்டு இடத்திலும் அடக்கப்படுகிறது.

2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தின் லயங்களை மண்சரிவு மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள்; வீட்டிலிருந்தோர் பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அபாய எச்சரிக்கை 2005இலேயே விடுக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட சாவைக் 'கர்த்தருடைய சித்தம்' என்று சொல்லி முடிப்பது அநியாயம். மனிதர் செய்யத் தவறியதை அது கடவுள்மேல் ஏற்றுகிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகே தவறினார்கள். போதகரும் குருவும் துக்க வீட்டில் முதலில் செய்ய வேண்டியது அந்த ஏழு நாள் வேலைதான்.

துக்கத்தில் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டு, செத்துப்போகலாம் என்ற எண்ணமும் வந்தால் ஜெபத்தோடு வைத்தியமும் வேண்டும். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் மனநல சிகிச்சை கிடைக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பேசலாம்.