நில அதிர்வு அலைகள்

நிலநடுக்கம், எரிமலை வெடிப்பு, நிலத்தடி அணுவெடிச் சோதனை போன்றவற்றால் தோன்றி, புவியின் உள்ளாகவும் மேற்பரப்பை ஒட்டியும் பரவும் மீள்தன்மை அலைகள் நில அதிர்வு அலைகள் எனப்படும். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் தோண்டிய மிக ஆழமான துளையே 12 கி.மீ.யைச் சற்றுத் தாண்டியதோடு நின்றுவிட்டது. புவியின் ஆரமோ 6,371 கி.மீ. அந்தத் துளைக்குக் கீழே உள்ளவை பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இந்த அலைகள் தந்ததே.

முதலில் வந்து சேர்வது முதன்மை அலை (பி அலை). இது நெட்டலை, ஒலியைப் போலவே, பரவும் திசையிலேயே பொருளை நெருக்கியும் விரித்தும் செல்லும். மேலோட்டுப் பாறைகளில் இதன் வேகம் பெரும்பாலும் நொடிக்கு 5 முதல் 7 கி.மீ. பின்னால் வரும் இரண்டாம் நிலை அலை (எஸ் அலை) குறுக்கலை. ஏறத்தாழ அறுபது விழுக்காடு வேகத்தில், பரவும் திசைக்குச் செங்குத்தாகப் பாறையை அசைக்கும். இதன் வேகத்தைத் தீர்மானிப்பவை விறைப்புக் குணகமும் அடர்த்தியும். திரவத்துக்கு விறைப்பு இல்லை. ஆகவே எஸ் அலை திரவத்துக்குள் பரவாது. ஆழம் கூடக்கூட அடர்த்தியும் கூடுகிறது. அப்படியானால் வேகம் குறைய வேண்டுமே? விறைப்பு அதைவிட விரைவாகக் கூடுவதால் வேகமும் கூடி, அலைகளின் பாதை மேல்நோக்கி வளைகிறது.

மேற்பரப்பு அலைகள் இருவகை. ராலே பிரபு 1885இல் கணித்துச் சொன்ன அலையில் நிலத்துகள்கள் நீள்வட்டமாகச் சுழலும். லவ் 1911இல் விளக்கிய அலையில் பக்கவாட்டில் மட்டும் அசையும். மெதுவாக வந்தாலும், மேற்பரப்பிலேயே பரவுவதால் இவற்றின் வலிமை தொலைவில் எளிதில் குன்றாது.

பி, எஸ் அலைகள் வந்து சேரும் நேர இடைவெளியில் ஒவ்வொரு நொடிக்கும் சுமார் 8 கி.மீ. என்று கணக்கிட்டால், அருகில் நேர்ந்த நிலநடுக்கத்தின் தொலைவு கிடைக்கும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா நிலநடுக்கத்தின் அதிர்வு சில நிமிடங்களில் சென்னையை எட்டியது. நீரலையான ஆழிப்பேரலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேலானது. அந்த இடைவெளியை எச்சரிக்கையாக்கும் அமைப்பு அன்று இந்தியப் பெருங்கடலில் இல்லாதது பேரிழப்பு. ஐதராபாத்தில் அத்தகைய மையம் 2007இல் செயல்படத் தொடங்கியது.

புவியின் அகத்தை அலைகளைக் கொண்டு அறியும் முயற்சிக்கு இந்திய மண்ணிலும் ஒரு வேர் உண்டு. 1897 ஜூன் 12 அசாம் பெருநடுக்கத்தை ஆராய்ந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆர். டி. ஓல்டாம். தொலைதூர ஐரோப்பிய நிலையங்களின் பதிவுகளில் பி, எஸ், மேற்பரப்பு அலைகள் தனித்தனியே வந்திருப்பதைப் பிரித்துக் காட்டினார். புவிக்கு ஒரு கரு உண்டு என்பதற்கான சான்றை 1906இல் முன்வைத்தவரும் அவரே. அக்கரு சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் தொடங்குவதை குட்டன்பெர்க் கணித்தார். எஸ் அலை அதைக் கடப்பதில்லை என்பதும் பிற சான்றுகளும் சேர, அது திரவம் என்று 1926இல் ஜெஃப்ரிஸ் நிறுவினார்.

நிலநடுக்க மையத்திலிருந்து சுமார் 104 பாகை முதல் 140 பாகை வரை, கருவின் விளிம்பில் பி அலைகள் விலகுவதால் ஒரு நிழல் மண்டலம் உண்டாகிறது. அந்த நிழலுக்குள்ளும் மங்கலான பி அலைகள் பதிவாகியிருந்தன. அவற்றைப் புறக்கணிக்காமல் ஆராய்ந்த டென்மார்க்கின் இங்கே லேமன், திரவக் கருவுக்குள் வேறொரு உள்கரு அவற்றைத் திருப்பி அனுப்புகிறது என்று 1936இல் விளக்கினார். கைக்கணக்கில் விளைந்த அருஞ்சாதனை இது. உள்கரு திடமானது என்பதற்கு 1971இல் ஜெவோன்ஸ்கியும் கில்பர்ட்டும் வலுவான சான்று அளித்தனர். 1964 அலாஸ்கா நிலநடுக்கத்தால் புவி முழுவதும் அதிர்ந்த அலைவுகளே அதற்கு ஆதாரமாயின.