ஜிகவும் கவரேஜ்.பையும்: தரவை வைத்துக்கொள்ளும் இரு வழிகள்

சோதனைகள் ஓடும்போது நிரலின் எந்தெந்த வரிகள் உண்மையில் இயங்கின என்ற கணக்குதான் கவரேஜ். திறமூலத் திட்டங்களில் இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. 80 போதுமா, 90 வேண்டுமா என்று பக்கம் பக்கமாக விவாதிப்பார்கள். சதவீதம் என்பது வெறும் வகுத்தல் கணக்கு, அதில் பிழை வர வழியில்லை. அந்த வகுத்தலுக்குள் போகும் தரவு எந்தப் பதிப்பின் மீது எடுக்கப்பட்டது, எந்தச் சோதனையிலிருந்து வந்தது, எத்தனை இயந்திரங்களின் கோப்புகளைச் சேர்த்து உருவானது என்ற இடங்களில்தான் பிழை நுழைகிறது.

இந்தத் தரவை இரண்டு கருவிகள் ஏறக்குறைய எதிரெதிர் வழிகளில் கையாள்கின்றன. ஒன்று, ஜிசிசி கம்பைலரோடு வரும் ஜிகவ். லினக்ஸ் கெர்னலும் எஸ்கியூலைட்டும் அதைப் பயன்படுத்துகின்றன. மற்றொன்று, பைத்தான் உலகின் கவரேஜ்.பை. கேரத் ரீஸ் 2001-இல் எழுதியது. 2004 முதல் நெட் பேட்செல்டர் பராமரித்துவருகிறார். சி மொழிக்கும் பைத்தானுக்கும் உள்ள வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு, இவை எதை நினைவில் வைக்கின்றன, எதை மறக்கின்றன என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

ஜிகவில் தரவு இரண்டு தவணையாகப் பிறக்கிறது. '--கவரேஜ்' என்ற விருப்பத்தோடு ஒரு சி கோப்பைத் தொகுத்தால், ஆப்ஜெக்ட் கோப்பின் பக்கத்திலேயே ஜிசிஎன்ஓ என்ற பின்னொட்டோடு ஒரு கோப்பு உண்டாகும். நிரலின் கிளைகள் எங்கே பிரிந்து எங்கே சேர்கின்றன, எந்தப் பகுதி மூலத்தின் எந்த வரிக்கு உரியது என்ற வரைபடம் அதில் இருக்கும். நிரல் ஓடி முடியும் நேரத்தில் ஜிசிடிஏ என்ற இரண்டாவது கோப்பு எழுதப்படும். எந்த வழியில் எத்தனை முறை போனது என்ற எண்கள் மட்டுமே அதில் இருக்கும். ஒன்றில்லாமல் மற்றொன்றால் பயனில்லை. ஆயிரம் சி கோப்புகள் உள்ள திட்டத்தில் ஆயிரம் ஜோடிகள் அடைவுகள் முழுக்கச் சிதறிக் கிடக்கும்.

ஜிசிடிஏ எங்கே எழுதப்பட வேண்டும் என்ற முழுப் பாதையும் தொகுக்கும்போதே நிரலுக்குள் பதிந்துவிடுகிறது. ஒரு கண்டெய்னரில் தொகுத்து இன்னொன்றில் சோதனை ஓட்டுபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். இல்லாத ஓர் அடைவைத் தேடிப்போய் நிரல் எழுதப் பார்க்கும். இதற்காகவே ஜிகவ்_பிரிஃபிக்ஸ், ஜிகவ்_பிரிஃபிக்ஸ்_ஸ்ட்ரிப் என்று இரண்டு சூழல் மாறிகள் இருக்கின்றன. பழைய பாதையின் முன்பகுதியில் எத்தனை அடைவுகளை வெட்ட வேண்டும், அதன் இடத்தில் எதை ஒட்ட வேண்டும் என்பதை இவற்றால் சொல்லலாம்.

கவரேஜ்.பை-யில் இந்தச் சிதறல் இல்லை. நிரல் ஓடிய அடைவில் புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஒரே ஒரு கோப்பு உருவாகும். 2019 டிசம்பரில் வந்த 5.0 பதிப்புக்கு முன்பு அது ஜேசான் வடிவில் இருந்தது. அந்தப் பதிப்பிலிருந்து அது முழுமையான ஓர் எஸ்கியூலைட் தரவுத்தளம். அதைத் திறந்தால் கோப்புகளுக்கு ஓர் அட்டவணை, சூழல்களுக்கு ஓர் அட்டவணை, இயங்கிய வரிகளுக்கு ஓர் அட்டவணை என்று ஒழுங்காக இருக்கும். (எஸ்கியூலைட்டின் சொந்தக் கவரேஜை அளப்பது ஜிகவ் என்பது இந்தக் கதையில் ஒரு சுவையான முடிச்சு.) வரிகளை அது சேமிக்கும் விதம் சிக்கனமானது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பிட் வரிசை. 118-ஆம் வரி இயங்கியிருந்தால், பூஜ்யத்திலிருந்து எண்ணும்போது 14-ஆம் பைட்டின் 6-ஆம் பிட் 1 ஆகும். அவ்வளவுதான். வரி இயங்கியதா இல்லையா என்பது தெரியும். எத்தனை முறை இயங்கியது என்பது தெரியாது.

ஜிகவின் பலம் அந்த எண்ணிக்கை. ஜிகவ் தரவைப் படித்து எல்கவ் என்ற கருவி உருவாக்கும் உரைக் கோப்பில் 'டிஏ:118,40213' என்று ஒரு வரி இருந்தால், 118-ஆம் வரி 40,213 முறை இயங்கியது என்று பொருள். எந்தச் சுழற்சி அதிகம் ஓடுகிறது, எந்தப் பிழைக்கிளை ஒரே ஒருமுறை மட்டும் தொடப்பட்டது என்பதெல்லாம் இதிலிருந்து தெரியும். ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. பல இழைகள் ஒரே நேரத்தில் ஓடும் நிரலில், இயல்பான அமைப்பில் எண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று எழுதிக்கொள்ளக்கூடும். ஜிசிசி 7-இல் வந்த '-எஃப்புரொஃபைல்-அப்டேட்=அட்டாமிக்' என்ற விருப்பம் அதைத் தடுக்கிறது, ஓட்டம் மெதுவாகும் என்ற விலையோடு.

பழைய தரவு இருக்கும் இடத்தில் புதிய ஓட்டம் வந்தால் என்ன நடக்கும் என்பதில் இரண்டின் குணமும் வெளிப்படுகிறது. ஜிகவ் கூட்டிக்கொண்டே போகும். நேற்று ஓடிய சோதனையின் எண்கள் ஜிசிடிஏ-வில் இருந்தால், இன்றைய எண்கள் அவற்றோடு சேரும். நேற்று இருந்த ஒரு சோதனையை இன்று நீக்கிவிட்டாலும் அது தொட்ட வரிகள் அறிக்கையில் இயங்கியவையாக, பச்சையாகவே தெரியும். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் எல்கவின் 'ஜீரோகவுண்டர்ஸ்' விருப்பத்தால் எண்ணிகளைத் துடைக்க வேண்டும். கவரேஜ்.பை ஒவ்வொரு ஓட்டத்தையும் வெறுமையிலிருந்து தொடங்கும். பழையதோடு சேர்க்க வேண்டுமென்றால் நாம்தான் கேட்க வேண்டும். இதுவே பாதுகாப்பான இயல்பு. ஆனால் இணையோட்ட முறையில் போனால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். அப்போது ஒவ்வொரு புராசஸும் இயந்திரத்தின் பெயர், புராசஸ் எண், ஒரு தற்செயல் எண் ஆகியவற்றை ஒட்டித் தனிக்கோப்பு எழுதும். போன வாரத்துக் கோப்பு ஒன்று அடைவில் தங்கிப்போனால், 'கம்பைன்' கட்டளை அதையும் சேர்த்து விழுங்கிவிடும்.

அந்தக் 'கம்பைன்' கட்டளைக்கு இன்னும் இரண்டு குணங்கள் உண்டு. சேர்த்து முடித்ததும் மூலக்கோப்புகளை அழித்துவிடும். வைத்துக்கொள்ள வேண்டுமானால் 'கீப்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். வரிக் கவரேஜோடு எடுத்த கோப்பையும் கிளைக் கவரேஜோடு (ஒவ்வொரு நிபந்தனையின் இரு திசைகளும் ஓடினவா என்ற கணக்கோடு) எடுத்த கோப்பையும் கலக்க மறுத்துப் பிழை காட்டி நின்றுவிடும். இந்தப் பிடிவாதம் நல்லதே, கலந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. லினக்ஸிலும் விண்டோஸிலும் எடுத்த தரவைச் சேர்க்கும்போது ஒரே கோப்பு இரண்டு பாதைகளில் தெரியும். அதை ஒன்றாக்க அமைப்புக் கோப்பில் 'பாத்ஸ்' என்ற பகுதி இருக்கிறது; அதில் முதலில் எழுதும் பாதையே நிலைத்த பெயராகும். ஜிகவ் பக்கத்தில் சேர்க்கும் வேலையை எல்கவும் ஜிகவ்-டூல் என்ற கருவியும் பங்கிட்டுச் செய்கின்றன.

இதுவரை பார்த்ததில் கவரேஜ்.பை-யின் கை ஓங்கியிருப்பதாகத் தோன்றும். பதிப்பு அடையாளம் என்ற இடத்தில் நிலைமை தலைகீழாகிறது. ஜிகவின் இரு கோப்புகளிலும் ஒரு முத்திரை எண் இருக்கிறது. மூலத்தை மாற்றி மறுபடி தொகுத்துவிட்டுப் பழைய ஜிசிடிஏ-வைக் கொடுத்தால், முத்திரை பொருந்தவில்லை என்று ஜிகவ் சொல்லிவிடும். தொகுத்த பிறகு மூலக்கோப்பைத் தொட்டிருந்தால் அதற்கும் ஓர் எச்சரிக்கை வரும். ஜிசிசி-யின் ஒரு பதிப்பில் தொகுத்த கோப்புகளை வேறொரு பதிப்பின் ஜிகவ் படித்தாலும் முணுமுணுக்கும். கவரேஜ்.பை இப்படி எதையும் கேட்பதில்லை. சோதனை ஓடிய பிறகு ஒரு கோப்பின் தொடக்கத்தில் மூன்று வரிகளைச் சேர்த்துவிட்டு அறிக்கை கேட்டால், எல்லா நிறங்களும் மூன்று வரி தள்ளி விழும். தரவுத்தளத்தில் வரி எண்கள் இருக்கின்றன. அவை எந்த மூலத்துக்கு உரியவை என்பது இல்லை. தரவைக் கோப்பாக எடுத்துச் சென்று வேறு இடத்தில் அறிக்கை தயாரிக்கும் திட்டங்களில் இது மெய்யான ஆபத்து. 'கான்டெக்ஸ்ட்' விருப்பத்தில் அந்த ஓட்டத்துக்கு ஒரு பெயர் கொடுக்கலாம். கிட் கமிட் எண்ணை அங்கே போடுவது நல்ல பழக்கம், ஆனால் அதைக் கருவி சரிபார்க்காது.

அதே 'கான்டெக்ஸ்ட்' ஏற்பாட்டில்தான் ஜிகவ் எட்டவே முடியாத ஒரு வசதியும் இருக்கிறது. 5.0 பதிப்பிலிருந்து, இயங்கும் சோதனையின் பெயரைத் தானாகவே சூழலாக எடுத்துக்கொள்ளும்படி கவரேஜ்.பை-யை அமைக்கலாம். அப்போது பிட் வரிசைகள் கோப்புக்கு ஒன்று என்பதிலிருந்து, கோப்புக்கும் சோதனைக்கும் சேர்த்து ஒன்று என்று பெருகும். தரவுத்தளம் வீங்கும். ஆனால் 118-ஆம் வரியைத் தொட்ட சோதனைகள் எவை என்று கேட்டால் பதில் வரும். ஒரு வரியை மாற்றப்போகும் பங்களிப்பாளருக்குச் சதவீதத்தைவிட இந்தப் பதில் எவ்வளவோ பயனுள்ளது. ஜிகவில் எல்லாச் சோதனைகளின் எண்களும் ஒரே கூட்டுத்தொகையாகக் கலந்துவிடும். பிரித்துப் பார்க்க ஒரே வழி, ஒவ்வொரு சோதனைக்கும் எண்ணிகளைத் துடைத்து, ஓட்டி, தனித்தனியாக எடுத்து வைப்பது. பெரிய திட்டத்தில் அதற்குப் பொறுமை யாருக்கும் இருக்காது.

இரண்டுக்கும் பொதுவான ஓர் ஓட்டை உண்டு: நிரல் ஒழுங்காக முடிந்தால்தான் தரவு எழுதப்படும். கில் கட்டளையால் பலவந்தமாக நிறுத்தப்பட்ட புராசஸ் எதையும் விட்டுச்செல்லாது. ஜிகவில் இடையிலேயே எழுதவைக்க ஒரு ஃபங்ஷனை அழைக்கலாம். கவரேஜ்.பை-யில் நிறுத்தச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னலைப் பிடித்துச் சேமிக்கும் விருப்பம் உண்டு, பலவந்தமாக நிறுத்தும் சிக்கில்லுக்கு மருந்தில்லை. இன்னொரு பொதுச் சிக்கல், ஒருபோதும் ஏற்றப்படாத கோப்புகள். அவை தரவில் வராவிட்டால் வகுக்கும் எண் சிறியதாகி சதவீதம் பொய்யாக உயரும். எல்கவில் சோதனைக்கு முன்பே 'இனிஷியல்' என்று ஓர் அடிப்படைப் பதிவு எடுத்துப் பின்னர் சேர்க்க வேண்டும், கவரேஜ்.பை-யில் 'சோர்ஸ்' அடைவைக் குறிப்பிட்டால் போதும்.

கெர்னலுக்கு வந்தால் எல்லாமே வேறு. கெர்னல் ஓடி முடிவதில்லை. ஆகவே முடியும் நேரத்தில் எழுதுவது என்ற கருத்தே அங்கே பொருந்தாது. 2009-இல் வந்த 2.6.31 பதிப்பிலிருந்து, ஜிசிடிஏ கோப்புகள் டீபக்எஃப்எஸ் என்ற மெய்நிகர் அடைவில் எப்போதும் தெரியும். படிக்கும் நொடியின் எண்ணிக்கையைக் கொடுக்கும். அங்கே 'ரீசெட்' என்ற கோப்பில் எதையாவது எழுதினால் எல்லா எண்ணிகளும் துடைக்கப்படும். இந்தக் கோப்புகளை சிபி அல்லது டார் கட்டளையால் நகலெடுத்தால் சில சமயம் வெறுங்கோப்பு வரும். அவை டிஸ்கில் இருக்கும் கோப்புகள் அல்ல, கேட்கும்போது உருவாகிறவை. கேட் கட்டளையால் படித்து வெளியே எழுத வேண்டும் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. கூடவே ஒரு சிறு ஸ்கிரிப்டும் தருகிறது. இது தெரியாமல் அறிக்கை ஏன் காலியாக வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம்.

ஜிகவ் தரவை ஒரு திட்டம் எவ்வளவு கண்டிப்போடு நடத்தலாம் என்பதற்கு எஸ்கியூலைட்டைப் பார்க்கலாம். 2009-இல் இருந்து அதன் மையப் பகுதிக்கு, டிஎச்3 என்ற சோதனைத் தொகுப்பின் கீழ், கிளைக் கவரேஜ் 100 சதவீதம். ஒருபோதும் நிகழக் கூடாத, ஆனாலும் தற்காப்புக்காக எழுதிய நிபந்தனைகளை 'ஆல்வேஸ்', 'நெவர்' என்ற மேக்ரோக்களில் வைக்கிறார்கள். கவரேஜ் அளக்கும் கட்டமைப்பில் இவை வெறும் 1, 0 ஆகிவிடும். எட்ட முடியாத கிளை தரவில் வராது. வெளியிடும் கட்டமைப்பில் அந்தத் தற்காப்பு அப்படியே இருக்கும். அப்படியானால் அளந்தது ஒரு நிரல், வெளியிடுவது வேறொரு நிரல் அல்லவா? அந்தக் கேள்வியை அவர்களே கேட்டுக்கொண்டு, கவரேஜ் கட்டமைப்பில் ஒருமுறையும் வெளியிடும் கட்டமைப்பில் ஒருமுறையும் அதே சோதனைகளை ஓட்டி, இரண்டின் விடைகளும் ஒன்றா என்று பார்க்கிறார்கள். என் பார்வையில், அந்த 100 சதவீதத்தைவிட இந்த இரண்டாவது ஓட்டமே பெரிது. பைத்தான் திட்டங்களில் 'பிராக்மா: நோ கவர்' என்று ஒரு குறிப்பை எழுதி வரியை விலக்குவதோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடுகிறது. சதவீதக் காட்சியில் கவரேஜ்.பை நேர்மையானது என்பதையும் சொல்ல வேண்டும்: 99.99 இருந்தாலும் அதை 100 என்று முழுமையாக்கிக் காட்டாது.

வெளியே அனுப்பும்போது இரு வழிகளும் ஒன்றுசேர்கின்றன. 6.3 பதிப்பிலிருந்து கவரேஜ்.பை-யும் எல்கவ் வடிவில் கோப்பு தருகிறது. அந்த வடிவுக்கு மாறும்போது சோதனைவாரியான சூழல் விவரம் விடுபட்டுப்போகும். அனுப்பும் வழியிலும் கவனம் தேவை. 2021 ஜனவரி 31 முதல் ஏப்ரல் 1 வரை, கவரேஜ் தரவைப் பெற்றுக்கொள்ளும் கோட்கவ் சேவையின் பேஷ் பதிவேற்றும் ஸ்கிரிப்டில் யாரோ ஒரு வரியைச் சேர்த்து, அதை ஓட்டிய தானியங்கிச் சோதனை (சிஐ) இயந்திரங்களின் சூழல் மாறிகளை, அவற்றில் இருந்த கடவுச் சாவிகள் உட்பட, வெளியே கடத்தினார்கள். ஸ்கிரிப்டின் செக்சம் பொருந்தவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் சொன்ன பிறகே அது தெரியவந்தது.

தரவை வைத்துக்கொள்ளும் வடிவமைப்பில் கவரேஜ்.பை முன்னேறியது என்பதே என் தீர்ப்பு: ஒரே கோப்பு, வெறுமையிலிருந்து தொடக்கம், சோதனைவாரியான நினைவு. பதிப்பைச் சரிபார்க்கும் கண்டிப்பில் ஜிகவ் அதைவிட ஒரு படி மேல். சி திட்டத்தில் வேலை செய்தால் ஜிசிடிஏ கோப்புகளைச் சேமிக்கும்போது ஜிசிஎன்ஓ கோப்புகளையும் ஜிசிசி பதிப்பு எண்ணையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வையுங்கள். பைத்தான் திட்டத்தில் வேலை செய்தால் தரவுக் கோப்பின் பக்கத்திலேயே கமிட் எண்ணை எழுதி வையுங்கள்; உங்களுக்காக அதை வேறு யாரும் எழுதப்போவதில்லை.